பயந்தவர்கள் தெரியாத கண்

பயந்துபோன ஆள் யாரும் ஆனைக்குட்டம் கதிரவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. முகத்தில் பயம் ஏறியதும் ஆளும் குரலும் சேர்ந்தே அவனுக்கு மறைந்துபோகும். தெளிந்தால் பழையபடி தெரியும். ஏழு வயதில் தங்கை மாரிசெல்வியைக் கிணற்றில் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தவன், உள்ளே யாருமில்லை என்று சொல்லிக் கோலி விளையாடப் போய்விட்டான். சோளம் அறுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் அவளைத் தூக்கினார்கள். கண்ணாஸ்பத்திரியில் பார்வை சுத்தம் என்றார்கள். அன்று தாய் முருகம்மாளைப் பிடித்த பயம் மகன் வளர வளரத் தானும் வளர்ந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேச்சு பட்டாசுக் கம்பெனி முதலாளி வரைக்கும் போனது. பயப்படுகிறவர்களைப் பார்த்து இளகாத ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் கதிரவனைப் போர்மேன் ஆக்கினார்.

ஆளில்லாத அறையைப் பூட்டிவைப்பது அங்கே வழக்கம். போன தீபாவளி சீசனில் அங்கேயே வேலை பார்த்த முருகம்மாளும் கூட்டாளி வள்ளித்தாயும் இன்னும் இரண்டு பெண்களும் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்த அறையில், பின்வாசலை அட்டைப்பெட்டிகள் அடைத்துக் கிடந்தன. திடீரென்று ஒரு மூலையில் மருந்து புகைந்தது. நால்வரும் வெலவெலத்து எழுந்த நேரம் பார்த்துக் கதிரவன் வந்தான். காலி அறையைக் கண்டான், கதவை இழுத்து வெளித்தாழ்ப்பாள் போட்டான். உள்ளிருந்து இடித்தார்கள், காற்று என்று நினைத்தான். ஜன்னல் வழியே புகையையும் பார்த்தான். ஆளில்லாத அறை எரிந்தால் எரியட்டும் என்று நகரப்போனான்.

சாவு கூப்பிடு தூரத்தில் நிற்க, ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த முருகம்மாளின் கண்ணில் மகனின் வெறுங்கை பட்டது. சோறு கட்டிக் கொடுத்தும் இன்றைக்கும் விட்டுவிட்டு வந்திருக்கிறான். பொல்லாத கோபம் வந்தது.

“ஏலே, விடியங்காட்டி எந்திரிச்சு ஆக்கிவச்ச தூக்குச்சட்டிய எங்கனலே விட்ட?”

கதிரவனுக்கு அம்மா தெரிந்தாள். “நீ எப்பம்மா உள்ள போன?” என்று தாழ்ப்பாளைத் திறந்தான்.

வாசலில் நின்றபடி விடாமல் வைதாள். நிறுத்தினால் மறைந்துபோவாள், கதவும் சாத்தப்படும். அவள் முதுகுக்குப் பின்னால் மற்றவர்கள் அவனை உரசிக்கொண்டு ஓடினார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அவன் சட்டையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டி வரை வைதபடியே இழுத்துப்போனாள். அதற்குப் பின்தான் அறை வெடித்தது.

இப்போது கம்பெனியில் முருகம்மாளுக்கு வாசலில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். வேலை, மகனை வைவது. சம்பளம் மற்றவர்களுக்கு உள்ளதுதான். சாயங்காலம் வீடு வந்தால் பழைய பயத்தை மீறிக் கோபப்பட அவளுக்குத் தெம்பு இருப்பதில்லை. கதிரவன் வட்டிலில் கைவைத்தபடி வாசலைப் பார்த்து, “அம்மா இன்னும் வரலயா?” என்று கேட்கிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் முருகம்மாள் அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுகிறாள்.