நூற்றைம்பது வயதுக் கடிகாரம்

என் கணவர் பினாகியால் ஒரு பொருளைப் பார்த்தால் அதற்கு வயது கூட்டாமல் இருக்க முடியாது. கல்யாணச் சந்தையில் வயதைக் குறைப்பார்கள். எங்கள் பழம்பொருள் சந்தையில் கூட்டுவார்கள். எல்லோரும் செய்வதால் ஒருவரும் நம்புவதில்லை. ஆனால் மற்றவர்கள் இருபது, முப்பது வருஷத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் இளவயதில் சிறுபத்திரிகைகளில் கவிதை எழுதியவர். அந்த வியாதி இன்னும் தெளியவில்லை.

ரஸ்ஸல் தெரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் பொருள் எடுப்போம். படம் பிடித்து, விவரம் எழுதி, இணையத்தில் ஏற்றுவது அவர். துடைத்து, பெட்டி கட்டி, அனுப்புவது நான். பேஹாலா வீட்டில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட்டதைவிடப் பெட்டி கட்டியதுதான் அதிகம். பீங்கான், கண்ணாடி விளக்கு, கிராமபோன் தட்டு என்று பதினோரு வருஷமாக எத்தனையோ அனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூட உடைந்து போய்ச் சேர்ந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போன ஆடி மழையில் ஒரு சுவர்க் கடிகாரம் வந்தது. தேக்குப் பெட்டி, அரைமணிக்கு ஒரு தரம் அடிக்கும் மணி, வலது பக்கம் சிகரெட் சுட்ட கறுப்புத் தழும்பு. கதவைத் திறந்தால் உள்பலகையில் பழுப்பேறிய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"இதைச் சுரண்டிடு ஷிபானி," என்றார். "ஏதோ தேதி போட்டிருக்கு. தேதி இருந்தா அப்புறம் நான் என்னத்தை எழுதுறது?"

ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு, வெண்ணெய்க் கத்தியால் கீழ் ஓரத்திலிருந்து சுரண்டினேன். அடிப்பகுதி கூழாகக் கத்தியோடு வந்துவிட்டது. என்னதான் எழுதியிருக்கிறது பார்ப்போமே என்று அதற்குப் பிறகுதான் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். இங்கிலீஷில் மூன்று வரி. படித்தேன், சிரித்தேன், மீதியையும் சுரண்டிக் குப்பையில் போட்டேன்.

அன்று மாலையே இவர் எழுதி முடித்துவிட்டார். நூற்றைம்பது வயது. முர்ஷிதாபாத் ஜமீன் மாளிகையின் நாட்டியக் கூடத்தில் தொங்கியது. நவாபுகளின் பெருமூச்சைக் கேட்ட மணி.

"நவாபு பெருமூச்சு விட்டதை நீங்க பாத்தீங்களா?"

"அதெல்லாம் ஒரு நயம். உனக்குப் புரியாது."

"ஏங்க, அது முதுகுல ஒட்டுப்பலகை வச்சிருக்கு. நவாபு வீட்டுல ஏதுங்க ஒட்டுப்பலகை?"

"வாங்குறவன் முதுகைத் திருப்பியா பாக்கப் போறான்?"

சொன்னால் கேட்கிற ஜென்மம் இல்லை. விட்டுவிட்டேன்.

இரண்டே நாளில் பெர்த் நகரிலிருந்து ரெபெய்ரோ என்று ஒருவர் கேட்டார். ரொம்ப அலட்சியமாக எழுதினார்: சுமாரான கடிகாரம்தான், சுவர் காலியாக இருக்கிறது, குறைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன். இவர் கொஞ்சம் குறைத்தார், அவர் உடனே எடுத்துக்கொண்டார். அலட்சியமாகப் பேசியவருக்கு அத்தனை அவசரம் ஏன் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

கடிகாரம் அனுப்புவதில் உள்ள முதல் ஆபத்தே பெண்டுலம்தான். அதைக் கழற்றாமல் அனுப்பினால் வழியெல்லாம் ஆடி ஆடி உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிடும். கழற்றித் தனியாகச் சுற்றினேன். மணிக்கம்பிகளுக்கு இடையில் பஞ்சு செருகினேன். கண்ணாடிக்கு மேல் அட்டை, அட்டைக்கு மேல் பபிள் ராப், பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, இரண்டுக்கும் நடுவில் நான்கு பக்கமும் தெர்மகோல். சுங்கப் பாரத்தில் 'பழைய சுவர்க் கடிகாரம்' என்று அடக்கமாக எழுதினேன்.

பத்தாம் நாள் சுங்க அலுவலகத்திலிருந்து ஹால்தார் என்ற அதிகாரி போன் செய்து, இருவரையும் வரச் சொன்னார். போனோம். அவர் மேஜைமேல் என் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. தெர்மகோல் தரையெல்லாம் இறைந்திருந்தது. ஹால்தார் கையில் தங்க நிற ரிப்பன் கட்டிய காகிதம் ஒன்று இருந்தது. இவர் எழுதிய விவரத்தின் நகல். நான் டேப் எடுக்க எழுந்துபோன நேரத்தில் பெட்டிக்குள் செருகியிருக்கிறார், கல்யாணப் பத்திரிகை மாதிரி.

"தாதா, நூறு வயசு தாண்டின பொருள் நாட்டை விட்டுப் போகக்கூடாது, தெரியுமில்ல?" என்றார் ஹால்தார், இவரை அண்ணன் முறை வைத்து. "உங்க கடிகாரத்துக்கு நூத்தம்பதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதுனது சார்."

"அப்ப பொய்யா?"

"பொய்ன்னு சொல்ல முடியாது. இலக்கியம்."

"இலக்கியத்துக்கு எங்ககிட்ட தனி பாரம் இல்ல தாதா. தொல்லியல்லேர்ந்து ஆள் வந்து பாத்து, வயசு கம்மிதான்னு எழுதிக் குடுக்கணும். பூஜை லீவுக்குள்ள வந்தா உங்க அதிர்ஷ்டம்." என் பக்கம் திரும்பி, அண்ணி முறை வைத்தார். "பௌதி, தேதி போட்ட ரசீது, சீட்டு ஏதாவது இருந்தா கொண்டாங்க. நாளைக்கே விட்டுடறேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

தாமதமாகும் என்று பெர்த்துக்கு எழுதினேன். அன்றே பதில் வந்தது. இந்தத் தடவை அலட்சியம் இல்லை.

'அம்மா, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விலை ஏற்றுவீர்கள் என்று பயந்தேன். அது என் அப்பாவின் கடிகாரம். ஆத்ராவில் ரயில்வே கார்டாக இருந்தார். தழும்பைப் படத்தில் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன், அது அவர் சிகரெட். அறுபத்து நாலில் நாங்கள் கப்பலேறியபோது விற்றுவிட்டோம். வயதுக்கு ஆதாரம் கேட்கிறார்களா? கதவைத் திறந்து பாருங்கள், உள்ளே ஒரு சீட்டு இருக்கும். அதைக் காட்டுங்கள். உண்மையைச் சொல்வதென்றால் நான் வாங்கியதே அந்தச் சீட்டைத்தான். கடிகாரம் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு எண்பத்தொன்று ஆகிறது. கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள். லெஸ்லி.'

படித்துக் காட்டினேன். இவர் காலியான குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதியிருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சிரிச்சேனே, அதனால இருக்கு."

"அப்ப கவலையை விடு. பழைய நோட்டுல ஒரு தாள் கிழிச்சு, டீத்தண்ணியில முக்கிக் காயப்போட்டா எழுபது வருஷம் ஆயிடும். பழைய பேனா நம்மகிட்டயே இருக்கு. கெழவனுக்கும் சந்தோஷம், ஹால்தாருக்கும் ஆதாரம்."

"அவங்கப்பா கையெழுத்து அவருக்குத் தெரியாதா?"

"எண்பத்தொரு வயசுல கண்ணு எங்க தெரியப் போகுது?"

"வாயைக் கழுவுங்க," என்றேன். "உங்க பொய்யால ஒரு சீட்டு போச்சு. இன்னொரு பொய்யை டீயில முக்கி அனுப்ப என்னால ஆகாது. இந்த வீட்டுல எவனாவது தாளை டீயில போட்டா, அந்த டீயையே குடிக்க வச்சிருவேன்."

அப்படிப் பேசிய நான் லெஸ்லிக்கு என்ன எழுதினேன் என்றால், 'முயற்சி செய்கிறோம்' என்று ஒரே வரி. சீட்டு இல்லை என்று எழுத விரல் வரவில்லை.

மூன்று வாரம் இழுத்தது. வாரத்துக்கு இரண்டு முறை நான் போய் ஹால்தார் முன்னால் உட்கார்ந்தேன். கடைசியில் தொல்லியலிலிருந்து ஒரு பெண் வந்தார். கடிகாரத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தார். ஒட்டுப்பலகையை ஒரு தட்டு, திருகாணிகளை ஒரு பார்வை, அவ்வளவுதான்.

"எழுபது வயசுகூட முழுசா இருக்காது," என்றார். "இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

விவரத்தில் எழுதியது எதுவும் உண்மையில்லை என்று இவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அதையும் மூன்று பத்தி எழுதினார். ஹால்தார் முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடித்தார்.

அங்கிருந்த ஆட்களே பெட்டியை மூடிவிடுகிறோம் என்றார்கள். பெண்டுலத்தை மாட்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். யாரையும் தொட விடவில்லை. அந்த மேஜையிலேயே முதலிலிருந்து எல்லாவற்றையும் கட்டினேன். ரிப்பன் காகிதம் இருந்த இடத்தில் என் கடிதத்தை வைத்தேன். சீட்டைச் சுரண்டியது நான்தான், மன்னிப்புக் கேட்க யோக்யதை இல்லை, ஆனால் அதில் இருந்த மூன்று வரியும் அப்படியே ஞாபகம் இருக்கிறது என்று எழுதி, அவற்றையும் எழுதினேன்:

'1957 ஜனவரி 12, ஆத்ரா. மேபலின் பிறந்தநாளுக்கு.
ஞாயிறு காலை மட்டும் சாவி கொடுக்கவும், எட்டுச் சுற்று.
லெஸ் தொடக் கூடாது.'

பூஜைக்கு முதல் நாள் பதில் வந்தது. பந்தல் ஒலிபெருக்கி காதைப் பிளந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படித்தேன்.

'அம்மா, கடிகாரம் நலமாக வந்து சேர்ந்தது. ஒரு கீறல்கூட இல்லை. இப்படிப் பெட்டி கட்டி நான் பார்த்ததில்லை. மணி அதே மணிதான். ஞாயிற்றுக்கிழமை நானே சாவி கொடுத்தேன், எட்டுச் சுற்று. திட்ட யாரும் இல்லை.

நீங்கள் எழுதிய மூன்று வரியும் சரி. அதற்குக் கீழே பென்சிலில் நாலாவது வரி ஒன்று இருந்தது. நான் தொடக் கூடாது என்று அப்பா எழுதிவிட்டுப் போன பிறகு, நான் அழுததைப் பார்த்து என் அம்மா மேபல் எழுதியது. எனக்குப் படித்துக் காட்டினாள். என்ன என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அந்த வருஷமே அவள் போய்விட்டாள். அதைப் படிக்கத்தான் வாங்கினேன். உங்களுக்கு அது ஞாபகம் இருக்கிறதா?'

திரும்பத் திரும்பப் படித்தேன். கத்தியோடு வந்த அந்தக் கூழ்தான் கண்ணில் நின்றது. சுரண்டும்போது என் கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில், அலமாரி மேல்தான் இருந்தது.

"என்ன எழுதியிருக்காரு?" என்று அடுத்த அறையிலிருந்து இவர் கேட்டார். "எத்தனை நட்சத்திரம் குடுத்திருக்காரு பாரு."

பார்த்தேன்.

"அஞ்சு," என்றேன்.