கடைமடைக்கு அப்பால் ஒரு தோட்டம்

லக்சம்பர்க் நாட்டு இரும்புச் சுரங்கத்தின் தண்ணீர், பாபநாசத்துக்குத் தெற்கே மருதையனின் வயலுக்கு வந்து சேர்ந்தது ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாடுகள் மேய்ச்சலுக்குப் போகும் நேரம். வயலின் கிழக்கு மூலையில், பாசன வாய்க்கால் முடிந்துபோகும் இடத்தில், வரப்புக்கு அடியிலிருந்து செங்காவி நிறத்தில் கொப்பளித்துக்கொண்டு வந்தது. கையை வைத்தால் ஃபிரிட்ஜ் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. முதலில் பார்த்தவர் மருதையனின் மனைவி அம்சம். அவர் கூச்சல் போடவில்லை. ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தார். ஆணியை நக்கியது போல இருந்தது. வைகாசியில் மகனோடு போய்ப் பார்த்த சுரங்கத்தின் தண்ணீர்தான் இது என்று சந்தேகம் தீர்ந்ததும், கணவரைக் கூப்பிட வீட்டுக்கு நடந்தார்.

அவர்கள் அங்கே போன கதை சாதாரணமானது. மகன் தமிழ்மாறன் லக்சம்பர்க்கில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவன். தஞ்சாவூர் மாவட்டத்தைவிடக் கொஞ்சம் சின்ன நாடு அது. அப்பா அம்மாவை அழைத்துப்போய் என்ன காட்டுவதென்று யோசித்து, இரும்பு எடுத்த இடங்களையும் உருக்கிய இடங்களையும் காட்டுவதென்று முடிவு செய்தான். அணைந்துபோன ஊது உலைகளை அந்த நாட்டுக்காரர்கள் இடிக்காமல், துடைத்து வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். பெரியகோயில் கோபுரத்தை நினைவூட்டும் உயரம். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், கல்லூரி, காப்பிக்கடை. மருதையன் அண்ணாந்து பார்த்துவிட்டு, எரியாத சூளைக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேட்டார். இதில் வேலை செய்தவர்கள் செய்த வேலையை மறக்கக் கூடாதென்று மகன் சொன்னான். தானும் தன் அப்பாவும் நட்டு அறுத்த வயல்களுக்கு இப்படி யாரும் டிக்கெட் போடவில்லையே என்று அவருக்குத் தோன்றியது; தோன்றியதை அம்சத்திடம் சொல்லவும் செய்தார்.

மண் தோண்டிய பள்ளங்களில் காடு வளர்ந்திருந்தது. பாதையெல்லாம் குங்குமச் சிவப்பு. கூழாங்கல்லைக்கூட விலைக்கு வாங்கும் வண்டல் பூமிக்காரர்களான அவர்கள், மலையைக் குடைந்து கல்லை வண்டி வண்டியாக வெளியே கொட்டினார்கள் என்பதை நம்பத் தயங்கினார்கள். கடைசியாகத்தான் அந்தச் சிறிய சுரங்கம். மஞ்சள் தொப்பி மாட்டி, பொம்மை ரயில் மாதிரி ஒன்றில் உட்கார வைத்து உள்ளே கூட்டிப் போனார்கள். வழிகாட்டி நெல்லி என்ற பெண்மணி. அறுபது வயது இருக்கும், அதே சுரங்கத்தில் வெட்டியவரின் மகள். தண்டவாளத்தை ஒட்டி ஒரு கால்வாய் ஓடியது. ஓரிடத்தில் சேறும் சல்லியும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஒதுங்கித் தேங்கி நின்றது. டெல்டாக்காரன் எவனும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க மாட்டான். மருதையனும் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றி, குதிகாலால் ஒரு உதை, கட்டை விரலால் ஒரு இழுப்பு. மடை திறந்துகொண்டது. தண்ணீர் இருட்டுக்குள் எங்கோ சரசரவென்று இறங்கிப் போனது. நெல்லி திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார்.

“எதையும் தொடக் கூடாதாம்ப்பா” என்றான் தமிழ்மாறன்.

“நான் எங்கப்பா தொட்டேன்? காலாலதான்.”

அவர் ஊர் திரும்பி ஆனியில் குறுவை நட்டார். அந்த நிலத்தில் அவருடைய பெயருக்குப் பட்டா ஆன பிறகு முதல் போகம் அது. அதே ஆறு மா, இரண்டு ஏக்கர் நிலத்தில் இருபது வயதில் கூலிக்கு நட்டவர், நாற்பதில் குத்தகைக்குப் பயிர் வைத்தவர், அறுபத்திரண்டில் சொந்தக்காரர். விளைச்சல் இரண்டாவது விஷயம். முதல் போகம் கருகினால், இவனுக்கெல்லாம் எதற்கு நிலம் என்று ஊர் சொல்லும். வாயால் சொல்லாவிட்டாலும் பார்வையால் சொல்லும். அது அவருக்குத் தெரியும். அந்த வருஷம் மேட்டூர் திறக்கவில்லை. நடவு வரைக்கும் மேல்வயல்காரர் குணசேகரனின் ஆழ்குழாய் காப்பாற்றியது. பிறகு அதுவும் காற்றை மட்டும் கக்கியது. வயலில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பயிர் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

வைகாசியில் திறந்த தண்ணீர் ஆடியில் வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேட்டூர் தண்ணீரே கடைமடைக்கு வர வாரக்கணக்கில் ஆகிறபோது, அத்தனை தொலைவுக்கு இது சீக்கிரம்தான் என்றார்கள். தண்ணீரோடு அவ்வப்போது துருப்பிடித்த ஆணிகளும் விளக்கு மூடி ஒன்றும் வந்தன. தவளைகள் குளிரில் நடுங்கி வரப்பில் வெயில் காய்ந்தன. கொக்குகளுக்குக் கால் சிவந்தது. பயிர் மூன்றாம் நாளே தலை நிமிர்ந்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, பாசன ஆதாரம் என்ற இடத்தில் ‘இதர’ என்று எழுதிக்கொண்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

மருதையனின் வயல் நிரம்பியதும் தண்ணீர் மேற்கே ஏறத் தொடங்கியது. அந்த வாய்க்காலுக்கு வாட்டம் கிழக்கே. ஆனாலும் ஏறியது. குணசேகரன் வயலின் எல்லையில் வந்து நின்றது, மருதையன் மடையைத் திறந்தால்தான் அப்பால் போவேன் என்பது போல. குணசேகரன் இரண்டு நாள் தன் வீட்டிலேயே சுற்றிச் சுற்றி வந்தார். அவருடைய அப்பா காலத்தில் மருதையன் கொல்லைப்பக்கம் நின்று தண்ணீர் கேட்டதுண்டு. ஒரு வருஷம் மேலே மடையை அடைத்துவிட்டதில் மருதையனுக்குச் சம்பா முழுக்கப் பதராகப் போனதும் உண்டு. இரண்டு பேருக்கும் அது நினைவில் இருந்தது. மூன்றாம் நாள் குணசேகரன் வாசல் வழியாக வந்தார்.

“மருதையன், நம்ம பக்கமும் கொஞ்சம் திறந்துவிடுங்க. பயிர் தாங்காது.”

அதுநாள்வரை அவர் “மருதையா, வாடா போடா” என்று பேசியவர். அம்சம் உள்ளேயிருந்து கேட்டு, சந்தோஷத்தில் காப்பிக்குச் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டார். மருதையன் அன்றைக்கே மடையைத் திறந்தார். மறுக்கலாம் என்று நினைக்காமல் இல்லை. நினைத்துப் பார்க்க ருசியாகத்தான் இருந்தது. ஆனால் வாடும் பயிர் யாருடையது என்று பார்க்க அவருக்கு வரவில்லை.

ஆவணி பிறந்த வாரம் தமிழ்மாறன் வீடியோவில் கூப்பிட்டான்.

“அப்பா, அன்னிக்குச் சுரங்கத்துல கால வெச்சு என்ன பண்ணீங்க?”

சுரங்கத்திலிருந்து வெளியே வரும் கால்வாய் நின்றுபோயிற்றாம். அந்தத் தண்ணீரில்தான் கீழே பழைய தொழிலாளர் குடியிருப்பின் தோட்டங்கள் விளைந்தன. மற்றவர்கள் குழாயைத் திறந்து சமாளிக்கிறார்கள். நெல்லியின் தோட்டம் வரிசையில் கடைசி. அதுவரை குழாய் போகவில்லை. அவரைக்கொடி காய்ந்துவிட்டது. அவருடைய அப்பா வைத்த பேரிக்காய் மரம் பிஞ்சை உதிர்க்கிறது. சொல்லிவிட்டு மகன் கேமராவைத் திருப்பினான். நெல்லி வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபமாகக்கூட இல்லை. யாரிடம் போய்க் கேட்பதென்று தெரியாமல் நிற்கிறவரின் நிற்பு. மருதையன் அந்த நிற்பை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஒரு சம்பா காலம் முழுக்க அவரே அப்படி நின்றிருக்கிறார்.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. விஷயம் ஊரில் பரவி, குணசேகரன் வந்து சமாதானம் சொன்னார்.

“அந்தம்மா என்ன செஞ்சிடப் போறாங்க? விசா எடுத்துக்கிட்டு வந்து மடையில நின்னு சண்டை போடுவாங்களா? கதிர் வெளிய வர்ற நேரங்க. இப்ப அடைச்சீங்கன்னா மொத்த ஊரும் பதர்தான் தூத்தணும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. பொதிகட்டிய பயிர் தண்ணீர் இல்லாமல் தாங்காது. ஊருக்கே தெரிந்தது இது, மருதையனுக்குத் தெரியாதா? இருந்தும் வெயில் தாழ்ந்ததும் அவர் வாய்க்காலில் இறங்கி, களிமண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் பிசைந்து, கிழக்கு மூலைக்குப் போனார். பகலில் நமக்கு, பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு. முறை வைத்தால் இருவரும் பிழைக்கலாம் என்பது அவர் யோசனை. ஒரே ஒரு சிக்கல். அம்சம் அதைக் கேட்டார்.

“அடைச்சிட்டு நாளைக்குத் திறந்தா, திரும்ப வருமா?”

“தெரியல.”

“வரலன்னா?”

“வரலன்னா வரல. இன்னொருத்தர் தண்ணிய அடைச்சு விளைஞ்ச நெல்ல எப்படி அம்சம் திங்கிறது?”

அம்சம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் இறங்கி ஒரு கை மண் போட்டார். ஊற்று அடைபட்டது. வரப்பில் நின்றிருந்தவர்கள் எதுவும் பேசாமல் கலைந்தார்கள். சிலர் பேசினார்கள், அதை இங்கே எழுத முடியாது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அங்கே இன்னும் நல்ல வெயில். நெல்லியின் தோட்டத்துக் கால்வாயில் தண்ணீர் தவழ்ந்து வந்துகொண்டிருந்தது, முதல் தடவையாகச் சிவப்பில்லாமல், வண்டல் நிறத்தில். கூடவே ஒரு வயல் நண்டு. நெல்லி அதைப் பார்த்து ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். அம்சம் இங்கிருந்தபடியே, கடிக்கும், எடுக்காதீர்கள் என்று சைகை காட்டினார். பிறகு இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பாஷையில் வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். தமிழ்மாறன் மொழிபெயர்க்க முயன்று, தேவைப்படாததால் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் மருதையன் மண்ணை விலக்கினார். தண்ணீர் வரவில்லை. ஒரு பீடி பிடித்து முடித்தார். அப்போதும் வரவில்லை. குணசேகரன் தலையைத் துண்டால் மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறிய பிறகுதான், தூங்கி எழுந்தவர் மாதிரி மெதுவாக, ஊற்று கொப்பளித்தது. மருதையன் அங்கேயே உட்கார்ந்து அழுதார். பயிருக்காக அழுதாரா, அந்தப் பக்கமும் முறை தெரிந்த மனுஷர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அழுதாரா என்று கேட்டதற்கு, இரண்டுக்கும்தான் என்றார்.

அந்தக் குறுவை முக்கால் விளைச்சல். நெல்லியின் பேரிக்காயும் அப்படித்தான். அரிசி வடிக்கும்போது லேசாக இரும்பு வாடை வந்தது. ரத்தசோகைக்கு நல்லதென்று கர்ப்பிணிப் பெண்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். ஐப்பசியில் அடைமழை பிடித்து ஊரே வெள்ளக்காடானபோது, மிகுந்த தண்ணீர் கிழக்கு மூலை வழியாக உள்ளே இறங்கிச் சுரங்கத்துக்குப் போயிற்று. அங்கே ரயிலை நிறுத்திவிட்டு, பார்க்க வந்தவர்களைச் சின்னப் படகில் அழைத்துப்போனதாகவும், கூட்டம் அதிகம் வந்ததாகவும் தகவல். தை, மாசிக்குள், வாய்க்கால் மருதையன் வயலோடு முடிவதில்லை, நெல்லியின் தோட்டம் வரை போகிறது என்று ஊரில் எல்லோரும் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்த வைகாசியில், முறை பிரிக்கும் கூட்டம் வழக்கம்போலக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் நடந்தது. அந்த வருஷமும் அணையில் நீர் குறைவு. வருகிற கொஞ்சத்தை யார் முதலில் எடுப்பது என்பதுதான் பேச்சு. இத்தனை வருஷமாக வாசற்படியோடு நின்று கேட்டுவிட்டுப் போகிற மருதையன், அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைமடையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று குணசேகரன் தொண்டையைச் செருமினார். நெல்லியம்மாவுக்கு எப்போது என்று யாரோ கேட்டார்கள்.

“வாய்க்கால் வரிசைப்படி பார்த்தா அவங்கதான் கடைமடை. கடைசியாத்தான் வரும்” என்றார் குணசேகரன்.

மருதையன் எழுந்து நின்றார்.

“கடைசியில நிக்கறது எப்படி இருக்கும்னு இங்க எனக்கு மட்டுந்தான் தெரியும். மொத முறை அவங்களுக்கு விடுங்க.”

குணசேகரன் எதிரே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை.

“சரி, மொத முறை நெல்லியம்மா” என்றார். “ரெண்டாவது மருதையன். அடுத்தது யாரு, சொல்லுங்க.”