பதினொரு தடவை பிரேக்

என் மனைவி இறந்த எட்டாவது மாதம் ஒரு கதை எழுதினேன். அவளைப் பற்றித்தான். அவள் பேசும் விதம் எனக்கு மறந்துகொண்டே வந்தது. முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. போனில் இருந்த குரல் பதிவுகள் எல்லாம் பத்து நொடி. சாவி எங்கே, பால் வாங்கு, அவ்வளவுதான். மீதியைத் தாளில் பிடித்துவைக்க முடியுமா என்று பார்த்தேன்.

அவள் இரண்டு வருடம் ஒரு எழுத்துக் குழுவுக்குப் போய்வந்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஒரு டிரைவிங் ஸ்கூலின் வகுப்பறையில் கூடுவார்கள். நான் போனதில்லை, ஆனால் அவர்கள் முறை தெரியும். எழுதியவர் வாசிக்கக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. வேறொருவர் வாசிப்பார். கேட்பவர்கள் கையில் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் இருக்கும். எங்கே கவனம் சிதறுகிறதோ, அங்கே காதில் விழுந்த சொல்லை எழுதி ஒரு கோடு போட வேண்டும். கடைசியில் தாள்கள் எழுதியவருக்கு. அவள் அவற்றோடு வீட்டுக்கு வந்து, இன்றைக்கு முப்பத்தேழு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அரை மணி நேரம் பக்கத்தில் போக முடியாது. பிறகு உட்கார்ந்து திருத்துவாள்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அறிக்கை எழுதத் தெரியும். ஆறு பக்கக் கதையை எடுத்துக்கொண்டு போனேன். இந்தப் பக்கங்களில் அவள் இல்லையென்றால் இனி எங்கேயும் இல்லை என்று ஓர் எண்ணம்.

நான்கு பேர் இருந்தார்கள். டிரைவிங் ஸ்கூலை நடத்துகிறவரை எல்லோரும் பிரேக் சார் என்பார்கள். கற்றுக்கொள்பவர்களின் பக்கத்து இருக்கையில் இருபது வருடம் உட்கார்ந்து, அங்கே அவருக்கென்று இருக்கும் பிரேக்கை மிதித்துப் பழகிய கால் அவருடையது. கதை அலுத்தால் அது தானாகத் தரையை மிதிக்கும். பட்டப்பெயர் வைத்தவள் என் மனைவி. தொழிலால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் வாசித்தார். நல்ல குரல். யார் முகத்தையும் பார்க்கத் தைரியமில்லாமல் நான் மேசைக்கடியில் பிரேக் சாரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் வந்த இடத்தில் மிதித்தார். ‘அவள் பொறுமையே உருவானவள்’ என்ற இடத்தில் மிதித்தார். என் கண்ணீருக்கு இரண்டு தடவை. மொத்தம் பதினொன்று.

மூன்று தாள்களும் என் கைக்கு வந்தன. மூன்றும் வெள்ளை. அருமை, ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள் என்று பிரேக் சார் தோளைத் தட்டினார். குழுவில் இருந்த கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எட்டு மாதமாக எல்லா இடத்திலும் இதே கதைதான். அலுவலகத்தில் என் அறிக்கையில் தப்பு இருந்தால் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறார்கள். தாள்களைத் திருப்பி மேசைமேல் வைத்தேன்.

“சார், உங்க கால் பதினொரு தடவை மிதிச்சுது. தாள்ல ஒண்ணுகூட இல்லையே.”

“என் காலா?” அவர் குனிந்து பார்த்தார்.

முதலில் சிரித்தது மருந்துக்கடை நடத்தும் பெண். என் மனைவியின் சிநேகிதி, அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பெயர் வந்த வரலாற்றைப் போட்டு உடைத்துவிட்டாள். மெக்கானிக் என் கதைத் தாள்களாலேயே முகத்தை மூடிக்கொண்டார். பிரேக் சார் அந்தக் காலை நாற்காலிக்கடியில் இழுத்து ஒளித்துவைத்தார். பிறகு மருந்துக்கடைப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

“தப்பு எங்க மேலதான் அண்ணா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு பென்சிலைக் கீழ வெச்சுட்டோம். அக்கா இதைக் கேட்டிருந்தா முதல் பக்கத்துலயே, யாருடி இந்தப் புண்ணியவதின்னு கேட்டிருப்பா.”

கேட்டிருப்பாள்தான்.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். இந்த முறை தாட்சண்யம் பார்க்கவில்லை. நாற்பத்தொன்பது கோடு. அவளையே தாண்டிவிட்டேன். பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். முதல் இரண்டு பக்கமும் நாற்காலி, ஜன்னல், டியூப் லைட் என்றே போகிறது, வீட்டுக்கு வாடகைக்கு ஆள் தேடுகிறீர்களா என்றார் டீச்சர். சாவில் தொடங்க வேண்டாம், படிக்கிறவருக்கு உங்கள் மனைவியை இன்னும் தெரியாது, தெரியாதவருக்காக யார் அழுவார் என்றார் மெக்கானிக். துக்கம் என்ற சொல் ஏழு இடத்தில் இருந்தது. ஏழையும் அடிக்கச் சொன்னார் பிரேக் சார். அடித்த பிறகு படித்துப் பார்த்தேன். துக்கம் கூடியிருந்தது.

மூன்று தாளிலும் கோடு விழாத இடம் ஒன்றே ஒன்று. நாலாம் பக்கத்தில், இடத்தை நிரப்ப நான் எழுதிய மூன்று வரிகள். ஊர்த் தண்ணீரையெல்லாம் சோதிக்கிறவன் வீட்டு மாடித் தொட்டியை ஒரு வருடமாகக் கழுவவில்லை என்று அவள் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்துக் கேட்டது.

“அக்கா இங்க மட்டும்தான் இருக்கா. மத்த பக்கத்துல எல்லாம் நீங்கதான் இருக்கீங்க. இங்கயிருந்து ஆரம்பிங்க அண்ணா” என்றாள் மருந்துக்கடைப் பெண்.

அந்த நால்வருக்கும் அன்றைக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. புதிதாக எழுத வருகிற யாராவது இதைப் படித்தால், அலுக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்ல நாலு பேரைத் தேடிக்கொள்ளுங்கள். எனக்கு அவள் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்த வாரம் தினமும் காலையில், வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் எழுதினேன். அவள் என்னை நிறுத்திவைத்த அந்த வாசலில் கதையைத் தொடங்கினேன். நிஜத்தில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கதையில் கேட்டேன். பரவாயில்லை விடு என்று அவள் சொல்வதாக எழுதினேன். அப்படிச் சொல்கிற ஆளா அவள்? அடித்தேன். மூன்று நாள் அந்த இடத்திலேயே நின்றேன். நாலாவது நாள் அவள் பதில் வந்தது.

“மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்றது? ஏணியை எடுத்துட்டு வா.”

உயிரோடு இருந்தபோது அவள் சொல்லாத வாக்கியம். குரல் அவளுடையதுதான். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டிருந்தேன்.