எதிர்மரைத் திருகாணி

கண்ணாடிக் கடையில் அவருக்குச் சின்னத் திருகாணிகளோடுதான் பிழைப்பு. மூக்குக்கண்ணாடிக் காம்பில் இருக்கும் எள்ளளவு ஆணியைக்கூட ஒரே திருப்பில் எடுத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு, மனைவி விட்டுப்போன பழைய தூண்டில் ரீல் இரண்டு மாதமாக மேசைமேல் உட்கார்ந்து பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தது.

பித்தளை உடம்பு, இரண்டு பக்கமும் எபோனைட் என்ற கருத்த கெட்டி ரப்பர் வட்டு. மாமனார் வாங்கியது. அவருக்குப் பின் அவருடைய மூத்த மகளான இவர் மனைவிக்கு வந்தது. அவள் கடைசியாகக் கடலுக்குப் போய்வந்த அன்று அதை ஈரப்பையிலேயே போட்டுவிட்டாள். மறுநாள் கழுவி எண்ணெய் போட அவளுக்கு வாய்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அந்தப் பையைத் திறக்க அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று. உள்ளே உப்பும் பச்சைக் களிம்புமாக, நூல் சுற்றும் உருளை அச்சோடு ஒட்டிக் கிடந்தது.

மனைவியின் தங்கை அதைக் கேட்டிருந்தாள். கேட்டதோடு விடாமல் ஞாயிறுதோறும் காலையில் போன் செய்தாள்.

"என்ன மாமா, ஓடுதா?"

"எங்க ஓடுது? ஒரே பிடிவாதம்."

"அக்கா சாமான் வேற எப்படி இருக்கும்?"

இருவரும் சிரிப்பார்கள். பிறகு அவருடைய முட்டிவலி, அவள் வீட்டுக் குழாய் ஒழுகல், இரண்டு ஊர் வெயில். ஐந்து நிமிடம் இருக்கலாம். வாரத்தில் அந்த வீட்டுக்கு மனிதக் குரலில் வரும் போன் அது ஒன்றுதான். மற்றவை பதிவு செய்த குரல்கள். சனிக்கிழமை சாயங்காலமே அவர் போனைச் சார்ஜில் போட்டுவிடுவார்.

உருளையை எடுக்க வேண்டுமென்றால் முதலில் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். கைப்பிடியைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒற்றைத் திருகாணி. அதைத் துரு இளக்கும் எண்ணெயில் ஊறவைத்தார். எபோனைட் வட்டில் சூடு படாமல், பற்றவைப்புக் கோலின் நுனியைத் திருகாணியின் தலையில் மட்டும் அழுத்திச் சுடவைத்தார். மரச்சுத்தியால், குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல மெல்லத் தட்டினார். பிறகு திருப்புளியை இடப்பக்கம் திருப்பினார். ஒவ்வொரு முறையும் தலையின் பள்ளம் கொஞ்சம் சிதைந்ததே தவிர ஆணி நகரவில்லை.

"நாலு போடு போட்டா தானா வரும் சார்" என்றார் எண்ணெய் விற்ற ஹார்ட்வேர் கடைக்காரர்.

"வரும். நாலு துண்டா வரும்."

அடுத்த ஞாயிறு தங்கை சொன்னாள்: "என்னை அதைத் தொடவே விடமாட்டாங்க மாமா. அப்பாவும் இடதுகை, அக்காவும் இடதுகை. இடதுகையால சுத்தற மாதிரி சொல்லிச் செஞ்ச சாமான். திருட்டுத்தனமா ஒருநாள் சுத்திப் பாத்தேன், கை கோணிக்கிச்சு. அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா."

"அப்ப இப்ப மட்டும் உனக்கு எதுக்கு? மீன் பிடிக்கப் போறியா?"

"நானா? மீன்காரம்மா கொடுத்தாக்கூட எனக்கு வாங்கத் தெரியாது. சுத்தினா கடகடன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க... அதை ஒருதரம் கேக்கணும். அவ்வளவுதான்."

போனை வைத்தபின் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். இடப்பக்கத்துக் கைப்பிடி எதிர்த்திசையில் சுற்றும். சாதாரண மரை போட்டிருந்தால் சுற்றச் சுற்றத் திருகாணி கழன்று வந்துவிடும். செய்தவன் மரையை மாற்றித்தான் வெட்டியிருக்க வேண்டும். அப்படியானால் இரண்டு மாதமாக அவர் அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தார். முழங்கை இடிக்கிறதென்று காலமெல்லாம் மனைவியைத் தனக்கு இடப்பக்கம் உட்காரவைத்துச் சாப்பிட்டவர். அவருக்கே இது தோன்றவில்லை.

புதிதாக எண்ணெய் விட்டு, ஊறவைத்து, சூடு வைத்து, வலப்பக்கம் திருப்பினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம். பச்சைத் தூள் உதிர்ந்தது. திருகாணி நல்ல பிள்ளையாக வெளியே வந்தது.

மீதி வேலை அந்த வாரத்திலேயே முடிந்தது. களிம்பைச் சுரண்டி, அச்சைத் துடைத்து, பல்சக்கரத்தில் உட்காரும் நாக்கையும் அதன் சுருள்வில்லையும் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் பூட்டினார். கைப்பிடியைச் சுற்றினார்.

கடகடவென்று வீடு முழுக்கக் கேட்டது. கடலுக்குப் புறப்படுமுன் மனைவி இதே மேசையில் சுற்றிப் பார்ப்பாள். "காது போகுது, வெளியே வச்சுக்கோ" என்பார் அவர். இப்போது சத்தம் நின்றதும் சமையலறை வாசலைப் பார்த்தார். அடுப்படியில் காலையில் கழுவிக் கவிழ்த்த ஒற்றைத் தட்டு இருந்தது.

சனிக்கிழமை போனைச் சார்ஜில் போடும்போதுதான் உறைத்தது. நாளை தங்கை கேட்பாள், ஆச்சு என்று சொல்ல வேண்டும். வந்து வாங்கிப் போவாள். அதற்கடுத்த ஞாயிறு அவள் எதற்குப் போன் செய்ய வேண்டும்?

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால் ரீலை மறுபடி பிரித்து, பாகங்களைத் தட்டில் பரப்பிவைத்துவிட்டுப் படுத்தார்.

"என்ன மாமா, ஆச்சா?"

"இன்னும் தட்டுல பிரிச்சுப் போட்டபடிதான் கெடக்கு." சொன்னது முழுக்க உண்மை.

அவள் சிரிக்கவில்லை. "விட்டுடுங்க மாமா. வாராவாரம் கேட்டுக் கேட்டு உங்களைப் பாடாப் படுத்திட்டேன். அவ சாமானை வச்சுக்கிட்டு நீங்க தனியா என்ன பாடுபடறீங்களோன்னு நேத்து பூரா நினைச்சேன். அப்படியே எடுத்து உள்ள வச்சிடுங்க. நான் இனிமே கேக்கல. போன் பண்ணித் தொந்தரவும் பண்ணல, சரியா? உடம்பைப் பாத்துக்குங்க."

"இரு... இரும்மா. வச்சிடாதே."

"என்ன மாமா?"

"வைக்காதேன்னு சொல்றேன்ல!"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தட்டை இழுத்தார். அச்சில் உருளை ஏறியது. சுருள்வில் துள்ளி மேசைக்கடியில் விழுந்தது. குனிந்து தேடி எடுத்தார்.

"என்ன உருட்டறீங்க அங்க?"

நாக்கைப் பொருத்தி, வட்டை மூடி, கைப்பிடியை வைத்தார். திருகாணியைப் பழக்கத்தில் வலப்பக்கம் திருப்பினார், பிடிக்கவில்லை. தன்னையே திட்டிக்கொண்டு இடப்பக்கம் திருப்பினார். பிடித்தது.

போனை மேசையில் வைத்து, ரீலை அதன் பக்கத்தில் நிறுத்தி, தன் இடதுகையால் கோணல்மாணலாகச் சுற்றினார். கடகட. கட. கடகடகட.

நிறுத்தினார்.

"போன வாரமே சரியாயிடுச்சு" என்றார். "நான்தான் திரும்பப் பிரிச்சேன்."

போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன் மாமா" என்றாள் அவள். "சுத்துங்க."