கேட்டுக்கு வெளியே நாளை

எங்கள் அடுக்ககத்தில் புதிர் முடிந்தால்தான் அடுத்த நாள் வரும். முடியாவிட்டால் நேற்றே திரும்ப வந்துவிடும். அது ஒன்றும் பெரிய தொந்தரவு இல்லை. நேற்றைய கொத்தவரங்காய்ப் பொரியல் மறுபடியும் தட்டில் இருக்கும், அவ்வளவுதான்.

புதிர் போடுவது என் வேலை. காலையில் கார் நிறுத்தும் இடத்தில் கட்டங்கள் முளைத்திருக்கும். இரண்டு மூன்று கட்டங்களுக்கு ஒரு வண்ணம். பெரும்பாலான வண்ணங்களின் ஓரத்தில் ஒரு நிபந்தனை. குடியிருப்பவர்கள் பல் துலக்கிவிட்டு ஜோடி ஜோடியாக இறங்கி வருவார்கள். அவர்கள்தான் டோமினோக் கட்டைகள்; ஜோடிக்கு ஒரு கட்டை, ஆளுக்குப் பாதி. முதுகில் புள்ளி இருக்கும். நான் மாடிப்படித் திருப்பத்தில் நின்று யார் எங்கே படுப்பது என்று சொல்வேன்.

செயலாளர் நாச்சிமுத்துவுக்கு ஆறு புள்ளி. அவர் மனைவி ருக்மணிக்கு ஒன்று. இருவரையும் திருப்பிப் போடலாம், பிரிக்க முடியாது. கான்ஸ்டபிள் ஆறுச்சாமிக்கும் ஆறு. அவருடைய ஜோடி அவர் மோட்டார் சைக்கிள், அதற்கு இரண்டு. தங்கமணி அக்காவுக்கு மூன்று, தையல் மிஷினுக்கு ஐந்து. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷின் போதும் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் புள்ளியும் இல்லை, ஜோடியும் இல்லை. அதனால்தான் இந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

ஜோடி இல்லாததற்குக் காரணம் என் தலை. உச்சியில் மயிர் இரண்டு இடத்தில் சுழித்து வளர்கிறது. அப்படி இருந்தால் இரண்டு கல்யாணம் என்பார்கள். என் அம்மாவுக்கு மறைக்கத் தெரியாது. தரகரிடம் இதைத்தான் முதலில் சொல்வாள். பெண் வீட்டார் அத்தனை பேரும் ஒரே பதில் சொன்னார்கள். இரண்டாவதாகக் கேட்டால் தருகிறோம், முதலாவதாகத் தர மாட்டோம். முதலாவதைத் தேடியே எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

செங்கமலம் ஒருத்திதான் நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். நான் கட்டடத்தை விட்டுப் போனால் புதிர் போட ஆளில்லை. அதனால் அவளே அப்பாவோடு வருவதாக ஏற்பாடு. நாளைக்கு வருகிறேன் என்று நேற்றுச் சொன்னாள். அதிலிருந்து எங்களுக்கு நேற்றாகவே வந்துகொண்டிருக்கிறது.

போன் அடித்தது.

“ஏனுங்க, நாங்க உங்க கேட்டுக்கு வெளிய நிக்கறோம்.”

“நாளைக்குத்தானுங்களே வர்றதாச் சொன்னீங்க?”

“நாளைக்கு வந்துருச்சுங்களே. உங்களுக்கு?”

“இன்னும் நேத்துதானுங்க.”

“எங்கப்பாரு கோவமா இருக்காருங்க. கேட்டைத் தொறக்காட்டி அடுத்த பஸ்ல ஏறிரலாங்கறாரு.”

கேட்டுக்கு வெளியே நாளை. உள்ளே நேற்று. நடுவில் ஒரு கேட். அதை உடைக்க முடியாது. உடைத்தால் நேற்று வெளியே கொட்டிவிடும் என்று நகராட்சியில் சொல்லியிருக்கிறார்கள். அவள் பஸ் ஏறுவதற்குள் புதிரை முடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. படியில் ஏறி நின்றேன்.

புதிர் போடுவதில் பெரிய சூட்சுமம் இல்லை. எந்த நிபந்தனை கழுத்தை இறுக்குகிறதோ அங்கே தொடங்க வேண்டும். இரண்டு கட்டத்தில் மொத்தம் பன்னிரண்டு வர வேண்டும் என்றால் ஆறும் ஆறும்தான், பேச்சே இல்லை. கையில் எத்தனை ஆறு இருக்கிறது என்று பார்த்து, முதலில் அவர்களைப் படுக்க வைக்க வேண்டும். எல்லாம் ஒரே எண் என்று கேட்கும் வண்ணத்துக்கு நிறையப் பேரிடம் இருக்கும் எண்ணைக் கொடுக்க வேண்டும். எல்லாம் வேறு வேறாக இருக்கச் சொன்னால் கொஞ்சம் பொறுக்கலாம். நிபந்தனையே இல்லாத கட்டங்களைக் கடைசிவரை தொடக் கூடாது. எங்கும் ஒட்டாதவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா.

நாச்சிமுத்துவையும் ஆறுச்சாமியையும் பன்னிரண்டில் சேர்த்துப் படுக்க வைத்தேன். ருக்மணி பக்கத்து வண்ணத்தில் விழுந்தார். இரண்டுக்குக் குறைவு என்று அங்கே போட்டிருந்தது. அவருக்கு அது தோதாக இருந்தது.

“தம்பி, இந்த ஆளு குறட்டை விடறாரு. என்னைத் திருப்பிப் போடு” என்றார் ருக்மணி.

“திருப்புனா கூட்டுத்தொகை போயிருமுங்க்கா.”

“முப்பது வருசமா இதையேதான் சொல்றாங்க” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தங்கமணி அக்காவையும் மிஷினையும் கடைசியாக வைத்தேன். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. நட்ட நடுவில் இரண்டு ஊதாக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஓரத்தில் வட்டமாக ஒரு சுழி, அதாவது பூஜ்யம், போட்டிருந்தது. ஒரு புள்ளிகூட வரக் கூடாது. அதற்கு இரண்டு பக்கமும் புள்ளியில்லாத கட்டை வேண்டும். நாங்கள் அதை ரெட்டைச் சுழி என்போம்.

எங்கள் ரெட்டைச் சுழி பழைய வாட்ச்மேனும் அவர் விசிலும். அவர் முந்தாநாள் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். விசிலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்களில் வேறு யாருக்கும் சுழி இல்லை. தினமும் இங்கே வந்துதான் மாட்டிக்கொள்கிறோம்.

“நல்லாத் தேடு தம்பி. எங்காச்சும் உருண்டு கெடக்கும்” என்று படுத்தபடியே சொன்னார் நாச்சிமுத்து. அவருக்கு நேற்று வசதியாகத்தான் இருந்தது. நேற்று அவருக்கு லீவு.

நான் இறங்கித் தேடினேன். மாடிப்படி அன்றைக்கு நீளமாக இருந்தது. பொறுமையாக இறங்கினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். குரோட்டன்ஸ் தொட்டிகளை நகர்த்திப் பார்த்தேன். காம்பவுண்டுச் சுவர் ஓரம் குந்தி, சாக்கடை மூடியைத் தூக்கிக் குனிந்தேன்.

“என்னங்க தேடறீங்க?”

குரல் மேலிருந்து வந்தது. சுவருக்கு மேலே ஒரு பெண்ணின் முகம். வெளியே அப்பாவின் தோளில் ஏறி நின்றிருந்தாள். செங்கமலமாகத்தான் இருக்க வேண்டும். கீழே அவர் பஸ் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

“ரெட்டைச் சுழிங்க. அது கெடச்சாத்தான் கேட் தொறக்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தை அல்ல, அதற்கு மேலே.

“உங்க தலையில இருக்குதுங்களே.”

நான் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. இத்தனை நாளாக நான் எல்லோருக்கும் மேலே நின்றே வேலை பார்த்தேன். என் உச்சந்தலையைப் பார்க்க யாருக்கும் வாய்ப்பில்லை. எனக்கும் இல்லை. ஒரு சுழிக்கு இருக்கிற இரண்டு அர்த்தமும் எனக்குத் தெரியும், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் நினைத்ததில்லை.

ஊதாக் கட்டங்களில் போய்ப் படுத்தேன். தரை இளஞ்சூடாக இருந்தது. இடுப்புக்குக் குறுக்கே கட்டையின் நடுக்கோடு விழுந்தது. வலிக்கவில்லை, டிராயர் நாடாவை இழுத்துக் கட்டியதுபோல் இருந்தது. ஒருபக்கம் ருக்மணி, ஒருபக்கம் தையல் மிஷின். அவர்கள் நடுவே அளவெடுத்ததுபோல் அடங்கினேன். எனக்கு இவ்வளவு சுகமாக ஓர் இடம் கிடைத்தது அதுதான் முதல்முறை.

நாளை வந்தது. பால்காரர் வந்தார். எல்லா வீட்டிலும் கொத்தவரங்காய் பீட்ரூட்டாக மாறியது. மற்றவர்கள் எழுந்து உடம்பைத் தட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்கள். எனக்கு எப்படி எழுவது என்று தெரியவில்லை, பழக்கமில்லை. படுத்தே இருந்தேன்.

கேட் திறந்தது. செங்கமலம் உள்ளே வந்து, செருப்பைக் கட்டத்துக்கு வெளியே விட்டுவிட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அப்பா தோளைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“ரெண்டு கல்யாணமாமே உங்களுக்கு?” என்றாள்.

“அப்படித்தான் சொல்றாங்க.”

“மொதல்து ஆச்சுங்களா?”

“இல்லீங்க.”

“ரெண்டாவது?”

“அது மொதல்து முடிஞ்சாத்தானுங்களே.”

அவள் என் இரண்டு சுழிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். முதலில் ஒன்று, பிறகு மற்றது. இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று புரிந்தது. புதிர் தெரிந்தவள்.

“அப்ப ரெண்டையும் நானே பண்ணிக்கறேனுங்க” என்றாள்.

அவள் அப்பா பஸ்ஸை மறந்தார்.

“ரெண்டு மண்டபம் பிடிக்கோணுமா அம்மிணி?”

“ஒரே மண்டபம்தானுங்கப்பா. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

“சாப்பாடு?”

“ரெண்டு வாட்டியும் போட்டுத்தான ஆகோணும்.”

அவர் யோசித்தார். “ரெண்டாவதுக்கு ஜாதகம் பாக்க வேண்டியதில்ல” என்றார். அவருக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது.

எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. சிரித்தால் கட்டத்தை விட்டு நகர்ந்துவிடுவேனோ என்று அடக்கிக்கொண்டேன்.

“நான் இங்க படுத்துட்டா நாளைக்கு யாருங்க புதிர் போடறது?” என்றேன்.

செங்கமலம் எழுந்து மாடிப்படித் திருப்பத்துக்குப் போனாள். படி அவளுக்கு நீளவில்லை. அங்கிருந்து என் உச்சந்தலையைக் குறிபார்த்தாள்.

“இன்னுங் கொஞ்சம் எடப்பக்கம்” என்றாள் என் முதல் மனைவியாகப் போகிறவள்.

நான் நகர்ந்தேன்.

“போதுங்க” என்றாள் இரண்டாம் மனைவியாகப் போகிறவள்.