கிணற்றடிக் கரண்ட்

மாகிரட்டின் கால் விறைக்கத் தொடங்கி ஒரு மாதமாகிவிட்டது. லேசில் வாய் மூடுகிறவளா அவள்! மீன்காரனோடு விலை பேசினால் உட்துறைமுக வீதி முழுக்கக் கேட்கும். ஆனால் இந்த ஒரு கதையைப் புருசன் பேணாட்டுக்குக்கூட மூச்சுவிடவில்லை. எப்படிச் சொல்வாள்? அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல. பிறகு முழங்காலுக்குக் கீழே உணர்வே இல்லை. கடைசியில் கரண்டி பிடிக்கவும் ஏலாமல் படுக்கையோடு கிடந்து போய்ச் சேர்ந்தார். மாகிரட்டுக்கோ இப்போது வயிற்றில் ஐந்து மாதம், கலியாணமாகி எத்தனையோ வருசம் கழித்து வந்த பிள்ளை. அதைத் தூக்கக் கையில் தெம்பு இருக்குமோ என்பதே அவளுக்கு இரவு பகலாக நினைப்பு.

பேணாட் காலையில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன பிறகு, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதுதான் விறைப்பு வரும். குனிந்து நிமிர்வதால் அம்மாவின் அந்த நரம்பு வருத்தம் கூடுகிறதென்று தானே வைத்தியராகி முடிவு கட்டியிருந்தாள். மதிலுக்கு அப்பால் ஞானசேகரம் முதலாளியின் ஐஸ் தொழிற்சாலையில் புது மோட்டார் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்கும் தன் காலுக்கும் முடிச்சுப் போட அவளுக்கு எங்கே தோன்றும்!

அந்தக் கிணற்றில்தான் பக்கத்து வீட்டு ஸாலிஹாவும் தண்ணீர் அள்ளுவாள். ஒருநாள் மாகிரட் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள்.

"குனிஞ்சு நிமிரேக்க உங்கட காலுக்கு ஒண்டும் செய்யிறதில்லையோ, ராத்தா?"

"எனக்கென்ன புள்ள, கல்லு மாதிரி நிக்கிறன்."

சொல்லிவிட்டு மரமிதியடியை டக்டக்கென்று அடித்துக்கொண்டு ஸாலிஹா போய்விட்டாள். அப்படியென்றால் இது தனக்கு மட்டும்தான் என்று மாகிரட் அன்று சோறும் சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை ஸாலிஹா மத்தியான லுஹர் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒழு எடுக்க வந்தாள். கழுவின காலில் அழுக்குப் படக்கூடாதென்று மிதியடிக்கு மேலேயே நின்று கால் கழுவுவது அவள் வழக்கம். அன்று மிதியடியின் விரலிடைக் குமிழ் கழன்று, கால் வழுக்கி ஈரச் சீமெந்தில் பட்டது.

"யா அல்லாஹ்!" வாளி ஒருபக்கம், ஆள் ஒருபக்கம். "நிலம் கடிக்குது புள்ள!"

மாகிரட் புருசனின் தோய்த்த சாரத்தைக் கீழே போட்டாள்.

"என்ன மாதிரி ராத்தா? எறும்பு ஊருற மாதிரியோ?"

"எறும்போ! சுள்ளெண்டு முழங்கால் மட்டும் ஏறுது. நீ எப்படி இதில நிக்கிறாய்? இஞ்சால வா!"

ஸாலிஹா கையைப் பிடித்து இழுக்க, பழுது தன் காலில் இல்லை, நிலத்தில்தான் என்று மாகிரட் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு மாதம் அடக்கி வைத்த பயம் முழுக்க அந்தச் சிரிப்பில் போயிற்று.

ஸாலிஹா போட்ட சத்தத்துக்கு மின்சார வேலைக்காரன் ஆனந்தராசா வந்து பார்த்தான். மோட்டாருக்குப் போன வயரில் றப்பர் கிழிந்து, மதிலடி ஈரமண்ணுக்குள்ளால் கிணற்றடி வரை கரண்ட் கசிந்திருந்தது. வயரை அடியோடு கழற்றி எறிந்தான். ஞானசேகரம் முதலாளி வியர்த்துப்போய் நின்றார்.

"பிள்ளைத்தாச்சி, வெறுங்கால், ஈரம்," என்று ஆனந்தராசா தலையில் கை வைத்தான். "இன்னும் கொஞ்சம் கிழிஞ்சிருந்தால் இதிலயே ஆள் முடிஞ்சிருக்கும், அக்கா."

வேலையிலிருந்து ஓடிவந்த பேணாட்டுக்கு முகத்தில் ரத்தமில்லை. மாகிரட்டோ இன்னும் சிரித்தபடி நின்றாள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விசரே உனக்கு? சாகப் பாத்தனி, பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாய்!"

"கரண்ட்தானே, இஞ்சாருங்கோ," என்றாள். "நான் அம்மாவின்ர வருத்தம் எண்டெல்லோ நினைச்சனான். கரண்டெண்டால் ஒராள் வந்து நிப்பாட்டிப்போட்டுப் போவான். அம்மாவின்ரய ஆர் நிப்பாட்டினது?"

பேணாட்டின் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"எவ்வளவு நாளா?"

"ஒரு மாசமா."

"தனியவோ இவ்வளவையும் நினைச்சுக்கொண்டிருந்தனி?"

பேணாட் ஆனந்தராசாவைப் பார்த்தான். அவன் ஒன்றுக்கு இரண்டு தரம் சோதித்து, இனிப் பயமில்லை என்றான். பேணாட் சப்பாத்தைக் கழற்றி, வெறுங்காலோடு தான் முதலில் ஈரச் சீமெந்தில் ஏறி நின்றான். பிறகு மனைவிக்குக் கை நீட்டினான். மாகிரட் ஒரு காலை வைத்தாள், மற்றதையும் வைத்தாள்.

"இப்ப என்ன செய்யுது?"

கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவள் துடைக்கவும் இல்லை.

"தண்ணி குளிருது," என்றாள். "நல்லாக் குளிருது."