ஆட்டுத்தலை அரியும் காட்சி

அல்மாட்டியிலிருந்து எங்களை ஒரு கூட்டமாக ரயிலேற்றி மாஸ்கோவுக்கு நடிப்புப் படிக்க அனுப்பினார்கள். ஐந்து வருஷம் படித்து, அதே கூட்டமாகத் திரும்பி வந்து, எங்கள் ஊர் நாடக அரங்கில் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. போனவர்களில் எஸ்போலாத் ஒருவன். சூ ஆற்றுப் பக்கம் ஓர் ஆட்டுப் பண்ணையில் பிறந்தவன். அவன் அப்பா கோஜபெக் அந்தப் பண்ணையில் மேய்ப்பர்களுக்குத் தலைவர். எங்களில் பாதிப் பேருக்கு ரஷ்ய மொழி தடுமாறும். எஸ்போலாத்துக்குத் தடுமாறக்கூடத் தெரியாது. கேள்வி கேட்டால் புருவத்தை உயர்த்துவான், அவ்வளவுதான்.

முதல் வருஷம் முழுக்க வெறுங்கைப் பயிற்சி. ஊசியில்லாமல் தைக்க வேண்டும், வாளியில்லாமல் தண்ணீர் இறைக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தது வர்வாரா இக்னாத்யெவ்னா என்ற அம்மாள். நாங்கள் தைப்பதைப் பார்த்து, உங்கள் நூல் எங்கே போயிற்று, காற்றில் பறந்துவிட்டதா என்று கேட்டு அழவைப்பார். எஸ்போலாத் தன் முறை வந்தபோது வேகவைத்த ஆட்டைப் பங்கு போட்டுக் காட்டினான். இடுப்பெலும்பு ஒரு பக்கம், தொடை ஒரு பக்கம், விலா வேறு. விரலில் வழிந்த கொழுப்பை அவன் நக்கியபோது எங்களுக்கெல்லாம் வாயூறியது. விடுதிச் சாப்பாடு அப்படி. எல்லாம் முடிந்து, இல்லாத தலையை இல்லாத தட்டில் ஓரமாக வைத்துவிட்டு எழுந்துகொண்டான்.

“தலையை ஏன் விட்டுட்ட?” என்றார் அந்த அம்மாள்.

என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கண் காட்டினான். நான் சொன்னேன். தலை பெரியவர்களுக்குப் போவது. அவர்கள்தான் அரிந்து மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். அப்பா உயிரோடு இருக்கிறவன் அதில் கத்தி வைக்க மாட்டான். வைத்தால், எனக்கு அப்பா இல்லை என்று சபையில் சொன்னது போல.

அம்மாள் சிரித்தார். “இங்க ஆடே இல்லையேப்பா.”

“ஆடு இல்லதான்,” என்றான் எஸ்போலாத், எங்கள் மொழியில். “அப்பா இருக்காரே.”

அந்த வருஷம் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவனுக்குத்தான். இவனுக்கு நான் நடிப்புச் சொல்லித்தர வேண்டியதில்லை, யாராவது ரஷ்ய மொழி சொல்லிக்கொடுங்கள் என்று அம்மாள் மற்ற ஆசிரியர்களிடம் சொன்னதாகக் கேள்வி.

ஊருக்குத் திரும்பியபின் மேடையில் அவனுக்குக் குறைவில்லை. டென்மார்க் இளவரசனோ வெனிஸ் வியாபாரியோ, எதைக் கொடுத்தாலும் நாடோடித் தலைவன் குதிரையிலிருந்து இறங்குகிற மாதிரி நடந்து வந்து நிற்பான். ஜனம் கைதட்டும். சினிமா மட்டும் அவனை வேறு விதமாக வைத்துக்கொண்டது. பால்டிக் கடற்கரையில் ஒரு படம், அதில் ஜப்பானிய அதிகாரி. மாஸ்கோவில் ஒரு படம், அதில் மஞ்சூரிய ஒற்றன். கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் தலையில் கழுகிறகு வைத்து, சட்டையைக் கழற்றி, குதிரைமேல் உட்காரவைத்துச் செவ்விந்தியன் ஆக்கினார்கள். எல்லாவற்றிலும் சுடப்பட்டுச் செத்தான். பண்ணைக் கிளப்பில் அவன் படம் ஓடும்போதெல்லாம் கோஜபெக் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாராம். விளக்குப் போட்டதும் பக்கத்து ஆளிடம், “இந்தத் தடவை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிச்சான்” என்பாராம்.

எஸ்போலாத்துக்கு நாற்பது தாண்டியபோது லெனின்கிராடிலிருந்து வாதிம் போரிசோவிச் என்ற இயக்குநர் வந்தார். நூறு வருஷத்துக்கு முந்தைய எங்கள் ஸ்தெப்பிப் புல்வெளிக் கதை. ஒரு கிழட்டு நியாயஸ்தர். எல்லாருக்கும் வழக்குத் தீர்த்தவர், தன் மகன்களின் வழக்கைத் தீர்க்க முடியாமல் போகிறார். நியாயஸ்தர் வேஷம் எஸ்போலாத்துக்கு. மூத்த மனைவி வேஷம் எனக்கு. அவன் சாகிற காட்சியே இல்லாத முதல் படம் அது. படப்பிடிப்புக்கு இடம் தேடியபோது சூ ஆற்றங்கரையைக் காட்டியதும் அவன்தான். அதைப் பின்னால் நினைத்து நொந்துகொண்டான்.

படத்தின் தொடக்கமே விருந்து. நியாயஸ்தர் முன்னால் தலை வருகிறது. அரிகிறார், காதைச் சிறு குழந்தைக்குக் கொடுக்கிறார், கன்னக் கறியைப் பகையாளிக்குக் கொடுக்கிறார். கையில் தொடங்கி, மெல்ல மேலேறி, முகத்தில் வந்து நிற்கும் ஒரே ஷாட். வாதிம் அதை எங்களுக்கு விவரித்தபோது எஸ்போலாத் தேநீரைக் கீழே வைத்துவிட்டான்.

கைக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டான். வாதிம் முடியாது என்றார். வேறு கை வைத்தால் நடுவில் படத்தை வெட்டி ஒட்ட வேண்டும், ஒட்டினால் அந்த ஷாட்டே இல்லை. காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டபின் அவருக்குக் கோபம்கூட வரவில்லை, ஆச்சரியம்தான்.

“இத்தனை படத்துல செத்திருக்க. அப்பல்லாம் உங்கப்பா ஒண்ணும் சொல்லலியா?”

“சாகுறதுக்கு எங்க ஊர்ல தடை கிடையாது.”

மறுநாளே உதவி இயக்குநர் லியூபா தாஷ்கண்ட் நடிகர் ஒருவரைப் பற்றி விசாரித்துவிட்டாள். நல்ல நடிகர், உயரம் சரி, அப்பா காலமாகிவிட்டார். அந்தக் கடைசி விஷயத்தை அவள் எங்கள் எல்லார் முன்னாலும் சாதாரணமாகச் சொன்னாள், செருப்பளவு சொல்கிற மாதிரி. ஒப்பனைக்காரரும் விளக்குக்காரனும் தங்களுக்குள் யார் யாருக்கு அப்பா இருக்கிறார் என்று கணக்கெடுத்துக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை விருந்துக் காட்சி. அதற்குள் எஸ்போலாத் சரி என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தாஷ்கண்டுக்குத் தந்தி.

அவன் சரி என்றுதான் சொன்னான். சொல்லிவிட்டு என் கூடாரத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

“இந்தக் கிழவனை விட்டா எனக்கு வேற கிடையாது, ரபிகா. திரும்பவும் இறகு வச்சுக்கிட்டு நிக்க என்னால ஆகாது.”

“அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“என்னன்னு சொல்ல? நீங்க செத்துட்டீங்கன்னா?”

பண்ணை அங்கிருந்து அதிக தூரமில்லை. சொல்லாமலே செய்தி போய்விட்டது. விருந்தில் உட்கார முகங்கள் வேண்டும் என்று லியூபா பண்ணைக்கு லாரி அனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை லாரி வந்து நின்றது. முதலில் இறங்கியது கோஜபெக். சொந்த அங்கி, சொந்தத் தொப்பி. சட்டையில் பதக்கம் குத்தியிருந்தார். உடைக்காரப் பெண் அதை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டாள். அவர் யார் என்று படக்குழுவில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஓடிப்போய் ஸலாம் சொல்லி நிறுத்தினேன்.

“பார்க்க வந்தீங்களா, நிறுத்த வந்தீங்களா?”

“கறி போடுறாங்கன்னாங்க, பொண்ணே,” என்றார். “நிஜக் கறியா, சினிமாக் கறியா?”

லியூபா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விடவில்லை. அப்படியே கையைப் பிடித்து அழைத்துப்போய் நியாயஸ்தருக்கு இடப்பக்கம் உட்காரவைத்தாள். ஒன்றும் பேச வேண்டாம், சும்மா இருங்கள் தாத்தா என்று கைச்சாடை காட்டினாள். அவர் தலையாட்டினார். எஸ்போலாத் வெள்ளைத் தாடி ஒட்டி, தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு, எழுபது வயதுக் கிழவனாக வந்து இடத்தில் அமரும்போதுதான் பக்கத்தில் யார் என்று பார்த்தான். நான் அவனுக்கு வலப்பக்கம். அவன் மூச்சு நின்று திரும்ப வந்தது எனக்குக் கேட்டது. கோஜபெக் ஒட்டுத்தாடியை ஒருமுறை பார்த்துவிட்டு விரிப்பிலிருந்த ரொட்டியைப் பார்க்க ஆரம்பித்தார்.

கேமரா ஓடத் தொடங்கியது. தட்டு வந்தது. தலையின் மூக்கு எஸ்போலாத்தைப் பார்த்திருக்கும்படி வைத்தார்கள். கத்தி அவன் கையில் இருந்தது. கை நகரவில்லை.

வாதிம் கேமராவுக்குப் பின்னாலிருந்து, அரி, அரி, என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எஸ்போலாத் கத்தியைக் கீழே வைத்தான். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து, வீட்டில் செய்கிற மாதிரியே, மூக்கு அப்பாவைப் பார்க்கும்படி திருப்பினான். கதையில் அப்படி இல்லை. வாதிம் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை, கேமராவைத் தட்டோடு திருப்பச் சொல்லிக் கை காட்டினார்.

கோஜபெக் தலையைப் பார்த்தார். சுற்றி உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தட்டை இரண்டு கையாலும் எடுத்து, பெரியவர்களுக்குத் தருகிற மாதிரி முதுகைக் கொஞ்சம் வளைத்து, மகன் பக்கம் திருப்பி வைத்தார்.

“நீங்க இருக்கும்போது நான் எப்படி, பெரியவரே?” என்றார். “நீங்களே அரிஞ்சு குடுங்க.”

பெற்ற நாளிலிருந்து வாடா போடா என்று கூப்பிட்ட பிள்ளையை.

எஸ்போலாத் கத்தியை எடுத்தான். அரிந்தான். கேமரா அவன் கையிலிருந்து முகத்துக்கு ஏறியது. பிற்பாடு எத்தனையோ பேர் அந்த முகத்தைப் பற்றி என்னென்னவோ எழுதினார்கள். பக்கத்தில் இருந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை. காதை எடுத்துக் குழந்தையிடம் நீட்டிய கையை மட்டும் பார்த்தேன். வாதிம் இன்னொரு டேக் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்து லாரி கிளம்புமுன் எஸ்போலாத் பாதி உரித்த தாடியோடு ஓடிவந்தான். அப்பா, அது வந்து, என்று ஏதோ ஆரம்பித்தான்.

“நான் அந்தக் கிழவன்கிட்டதான் சொன்னேன்,” என்றார் கோஜபெக். “உன்கிட்ட இல்ல. வீட்டுல கத்தி இன்னும் என் கையிலதான் இருக்கு.” பிறகு, கறியில் உப்புப் பற்றவில்லை என்று சமையல்காரனிடம் சொல்லச் சொன்னார்.

அந்தக் காலத்தில் படம் எடுக்கும்போது ஒலி பதிவது கிடையாது. எல்லாப் பேச்சும் பிறகு ஸ்டுடியோவில் வாய்க்கு ஏற்றபடி பேசிச் சேர்ப்பதுதான். இலையுதிர் காலத்தில் லெனின்கிராடுக்குப் போனோம். விருந்துக் காட்சி திரையில் ஓடியபோது வசனம் பார்க்கிற பெண் நிறுத்தச் சொன்னாள். இந்தத் தாத்தாவுக்கு வசனமே இல்லை, வாய் அசைகிறதே, என்ன சொன்னார் என்று கேட்டாள். எஸ்போலாத் சொன்னான். நல்லாயிருக்கு என்று எழுதிக்கொண்டாள். யார் பேசுவது? பண்ணைக்குத் தந்தி அடித்து அவரையே வரவழைக்கலாமா என்று வாதிம் கேட்டார். அடித்தார்கள். பதில் வந்தது: ஒரு முறை சொன்னது போதும்.

ஸ்டுடியோவில் வயதான ஆள் ஒருவர் இருந்தார், எந்தக் கிழவருக்கும் குரல் கொடுப்பார். அவர் மைக் முன்னால் போய் நின்றபோது எஸ்போலாத் எழுந்து வேண்டாம் என்றான். இன்னொருத்தர் வாயால் வந்தால் அது அனுமதியே இல்லை என்று என்னிடம் மட்டும் சொன்னான். தானே பேசுகிறேன் என்றான்.

முதல் தடவை நடிகன் குரல் வந்தது. வாதிமே வேண்டாம் என்று கையை ஆட்டினார். இரண்டாம் தடவை வாய் அசைவுக்கு முந்திவிட்டது. பிறகு அவன் மைக்கிலிருந்து விலகி, சுவர் ஓரம் போய் நின்று, திரையில் தன் அப்பாவின் முதுகு வளைவதைச் சத்தமில்லாமல் பலமுறை ஓட்டச் சொல்லிப் பார்த்தான். மறுபடி வந்து நின்றபோது அவன் முதுகும் வளைந்திருந்தது. சொன்னான். எனக்குச் சூ ஆற்றங்கரையில் கேட்ட அதே குரல். ஆனால் அப்பா சொன்னபோது அதில் கொஞ்சம் குறும்பு இருந்தது. இதில் இல்லை. இது கெஞ்சலாக இருந்தது. வாதிமுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, சரி என்றுவிட்டார்.

வசந்தத்தில் படம் பண்ணைக் கிளப்புக்கு வந்தது. எஸ்போலாத் அப்போது ப்ராக் நகரில் ஒரு திரைப்பட விழாவில் இருந்தான். அவனுக்குப் பதிலாக நான் போனேன். கோஜபெக் முன்வரிசையில் இடம் பிடித்துவைத்திருந்தார். காட்சிக்கு முன்பே உமிர்ஸாக் என்ற கிழவர், அவருடைய பழைய சிநேகிதர், பின்னாலிருந்து சீண்ட ஆரம்பித்தார். விருந்தன்று அவர் ஊரில் இல்லை. கோஜபெக், உன் மகன் உனக்குக் காரியம் பண்ணிட்டானாமே, நாங்க யாரும் சாப்பிடக்கூட வரலியே, என்றார். சுற்றிச் சிரிப்பு. கோஜபெக் திரும்பவில்லை.

விளக்கு அணைந்தது. தட்டு வந்தது, திரும்பியது. திரையில் கோஜபெக்கின் முகம் பெரிதாக வந்தது, வாய் திறந்தது, அந்தக் குரல் வந்தது. பக்கத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது என் குரல் இல்லையே,” என்றார் என் காதருகே.

“இல்ல.”

“அவனா?”

“அவன்தான்.”

உமிர்ஸாக் பின்னாலிருந்து கோஜபெக்கின் தோளைத் தட்டினார். கிளப் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்: “டேய் கோஜபெக், நெசமாவே நீதான் சொன்னியா, இல்ல சினிமாக்காரன் சேர்த்த வேலையா? உன் குரல் மாதிரியே இல்லியே.”

பண்ணைக்காரர்கள் படத்தை விட்டுவிட்டு இருட்டில் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“நான்தான் சொன்னேன்,” என்றார் கோஜபெக். “அன்னிக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு.”

பிறகு அவர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தவனிடம், மறைக்கிறது, குனி என்றார். அவன் குனிந்தான்.